பெயருக்கு இருபது எழுத்து

பல்கலைக்கழக அனுமதி கிடைத்த கையோடு மின்னஞ்சலுக்குப் பாவனையாளர் பெயர் தெரிவுசெய்யச் சொல்லி ஒரு படிவம் வந்தது. என்னோடு எடுபட்ட பிள்ளைகளில் கனபேர் அதை இரண்டு நிமிஷத்தில் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு நாலு நாள் எடுத்தது. ஒரு மின்னஞ்சலுக்கு நாலு நாளா என்று சிரிக்காதீர்கள். கொழும்பில் ஒரு தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில், இருபது எழுத்துக்குள், படிச்சு முடியும்வரை மாற்ற முடியாதபடி எழுதச் சொன்னால் அந்த வீட்டில் இருந்து என்னென்ன கதை வெளியே வரும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படிவத்தின் விதிகள் இவ்வளவுதான். ஆங்கிலச் சிறிய எழுத்துகள், இலக்கங்கள், வேண்டுமென்றால் ஒரு புள்ளி. குறைந்தது ஆறு, கூடினது இருபது. பதிவுப் பெயரின் ஒரு பகுதியாவது அதில் இருக்க வேண்டும். மூன்று விருப்பங்களை வரிசைப்படி எழுத வேண்டும். ஒருக்கால் தந்தால் பிறகு மாற்றம் இல்லை.

எல்லா இடத்திலும் இப்படிக் கேட்பதில்லை. பேராதனைப் பொறியியல் பீடத்தில் 'ஈ' என்ற எழுத்து, பட்ச் ஆண்டு, பதிவு இலக்கம், அவ்வளவுதான் முகவரி. யாழ்ப்பாணப் பொறியியல் பீடத்திலும் ஆண்டும் இலக்கமும்தான். மொறட்டுவையில் பெரும்பாலும் கடைசிப் பெயர், அதோடு ஒட்டி முதலெழுத்துகள், பிறகு புள்ளி வைத்து பட்ச் இலக்கம். அங்கெல்லாம் பிள்ளை கிடைத்ததை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்களிடம் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால், உன் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு அலுவலகம் என்னிடமே கேட்டது அதுதான் முதல் தடவை.

அதுவரை என் பெயரை எழுதினது எல்லாம் மற்ற ஆட்கள். பெயரை முழுசாக இங்கே போடவில்லை. மூன்றெழுத்துப் பெயர், நடுவில் ஒரு 'ழ', அது போதும். பெயரில் ழ உள்ள பிள்ளைகளுக்கு மிச்சம் தானாக விளங்கும். பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவர் ழவுக்கு ஒரு 'எல்' போட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அது இரண்டு 'எல்' ஆனது. சாதாரண தரச் சான்றிதழில் 'ஆர்-எல்' வந்தது. ரியூஷன் அட்டை எழுதித் தந்த அண்ணா, தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்போல, இந்தியப் பாணியில் 'இஸட்-எச்' போட்டுத் தந்தார்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ழவுக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லை, ஆளுக்கொரு வழி பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் கனிமொழி, தமிழிசை என்று வந்தால் 'இஸட்-எச்' அல்லது 'எல்'. யாழ்ப்பாணத்தார் கனபேர் 'யாழ்' என்ற சொல்லையே 'ஆர்-எல்' வைத்துத்தான் எழுதுவார்கள். சிங்களத்திலும் ழவுக்குத் தனி எழுத்து கிடையாது, எங்கள் ளவுக்குச் சமமான எழுத்தைப் போடுவார்கள். கொழும்பில் பிறந்த பிள்ளையின் பெயர் தமிழில் வைக்கப்பட்டு, சிங்களத்தில் பதியப்பட்டு, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, திரும்பித் தமிழுக்கு வரும்போது ழ எங்கேயோ வழியில் இறங்கியிருக்கும்.

பெரிய ஆட்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. முத்தையா முரளிதரன் முதல் டெஸ்ட் ஆடினது 1992இல். அன்றிலிருந்து உலகம் முழுக்க அவருடைய பெயரில் வரும் 'த'வை 'ரி-எச்' போட்டுத்தான் எழுதியது. 2007இல் இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான டெஸ்ட் தொடருக்கு வோர்னின் பெயரையும் முரளியின் பெயரையும் சேர்த்து ஒரு கிண்ணம் வைத்தார்கள். அப்போதுதான் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் சபை, எழுத்து எப்படி என்று அவரிடமே கேட்டது. அவர் 'டி' போட்டு எழுதிக் கொடுத்தார். கேட்க 15 வருஷம். 2010இல் 800 விக்கெட்டோடு ஓய்வுபெற்ற பிறகும் கனபேர் பழைய எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். தமிழில் ஒரே த தான் இரண்டு சத்தத்துக்கும், அதனால் எங்களுக்கு அந்தச் சண்டை காதில் விழுவதே இல்லை. ஆங்கிலத்தில் எழுத வரும்போதுதான் யார் எழுதுவது என்ற கேள்வி வருகிறது.

முதல் நாள் அப்பாவிடம் கேட்டேன். அப்பாவுக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

"என்ர முதலெழுத்து முன்னுக்கு, பிறகு உன்ர பேர். எங்கட முறை அதுதானே பிள்ளை."

எங்கள் முறை அதுதான். தகப்பன் பெயர் முன்னே, பிள்ளை பெயர் பின்னே. குடும்பப் பெயர் என்று தலைமுறை தலைமுறையாக ஒன்று ஓடாது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கொச்சிக்கடையில் இருக்கிற பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டினவர் பொன்னம்பல முதலியார். அதைப் பிறகு கருங்கல்லில் எடுப்பித்தவர் அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மற்ற மகன், 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான சேர் பொன்னம்பலம் அருணாசலம். முதலியாரின் தகப்பன் பெயரும் அருணாசலம். அதாவது தகப்பன் அருணாசலம் பொன்னம்பலம், மகன் பொன்னம்பலம் அருணாசலம். வெள்ளைக்காரப் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இந்த வீட்டை நிரப்பச் சொன்னால் தகப்பனும் மகனும் தலைகீழாக நிற்பார்கள். தமிழில் 'பொன். இராமநாதன்' என்று எழுதும்போது எந்தக் குழப்பமும் இல்லை. தகப்பன் சுருங்கி முன்னால் நிற்கிறார், பிள்ளை முழுசாக இருக்கிறார்.

இலங்கைப் படிவங்களில் 'முதலெழுத்துகளுடன் பெயர்' என்று ஒரு கோடு எப்போதும் இருக்கும். அது எங்களுக்கு நல்லாகப் பொருந்தும். அந்தக் கோட்டில் சிங்களப் பிள்ளைகளின் வாசகமவும் மற்றப் பெயர்களும் ஐந்தாறு முதலெழுத்தாகச் சுருங்கி, குடும்பப் பெயர் முழுசாக நிற்கும். எங்களுக்குத் தகப்பன் சுருங்கி, சொந்தப் பெயர் முழுசாக நிற்கும். முரளியையும் உலகம் முரளி என்று கூப்பிட்டது, முத்தையா என்று கூப்பிடவில்லை. ஸ்கோர் பலகையில் தகப்பன் ஒரு 'எம்' ஆக இருந்தார். ஆனால் கடவுச்சீட்டில் வேறு கணக்கு. அங்கே 'குடும்பப் பெயர்' என்று கட்டம் இருக்கு, வேறு வழியில்லாமல் எங்கள் ஆட்கள் அதில் தகப்பன் பெயரை எழுதுகிறார்கள்.

அதன் விளைவை இரண்டாம் நாள் நோர்வேயில் இருந்து மச்சாள் சொன்னாள். அவள் அங்கே ஆராய்ச்சி செய்கிறாள்.

"இஞ்ச ஒருத்தரும் என்ர பேரைச் சொல்றேல்லையடி. கடிதம் வந்தாலும் அப்பான்ர பேர், டொக்டரிட்டப் போனாலும் அப்பான்ர பேர். என்ர கட்டுரையை ஆரும் மேற்கோள் காட்டினா, அப்பாவைத்தான் மேற்கோள் காட்டுகினம். அப்பா ஒன்பதாம் வகுப்போட கடைக்குப் போனவர்."

வட்ஸ்அப்பில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாமாவுக்கு இது பெருமையாம், ஊரில் எல்லாருக்கும் சொல்லித் திரிகிறாராம். ஆனால் அவள் கடைசியில் சிரிக்காமல் ஒன்று சொன்னாள்: "உன்ர பேர் முழுசா இருக்கட்டும். வெட்டாதை. புள்ளிக்குப் பிறகு வாறதைத்தான் இவங்கள் குடும்பப் பெயர் எண்டு நினைப்பாங்கள், அதில கவனம்." ஆய்வாளர்களுக்கு 2012இல் தொடங்கின ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாளம் இருக்கு. பெயர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் ஒன்றுதான் என்று காட்டுவதற்கு. அவள் பெயரைவிட அந்த இலக்கத்தைத்தான் நம்புகிறாளாம்.

இலக்கம் என்றதும் தம்பி குறுக்கே வந்தான். "அப்ப நம்பரையே போடுங்களேன் அக்கா. பேர் எதுக்கு?" அவன் விளையாட்டுக்கு வைத்திருக்கிற பெயரில் மூன்று இலக்கமும் ஒரு பாம்பும் இருக்கு, அவனிடம் ஆலோசனை கேட்கக் கூடாது. ஆனாலும் அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. இலக்கத்தை யாரும் பிழையாக எழுத மாட்டார்கள், ழ இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை. எங்கள் அடையாள அட்டையின் 12 இலக்கத்தில் முதல் நாலும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டுவார்கள். என் வயதும் நான் பெண் என்பதும் அந்த இலக்கத்துக்குத் தெரியும். தமிழா சிங்களமா என்று மட்டும் தெரியாது. கொழும்பில் அது சில வேளை பெரிய வசதி. அதனால் இலக்கத்தை மூன்றாவது விருப்பமாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்தேன்.

தமிழிலேயே எழுத முடியாதா என்றும் தேடிப் பார்த்தேன். அது படிவத்தின் விதி மட்டும் இல்லை, பழைய கதை. 1971இல் ரே டொம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இரண்டு கணினிகளுக்கு நடுவே முதல் வலையமைப்பு மின்னஞ்சலை அனுப்பினபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியை நடுவில் வைத்தார். அந்த 'பெயர்' என்பது ஆள் கணினிக்குள் நுழையப் பாவிக்கும் பெயர், அவ்வளவுதான். 1982இல் அஞ்சல் அனுப்பும் விதிகளை எழுதினபோதும் ஆங்கில எழுத்தும் இலக்கமும் சில குறிகளும் அடங்கிய 128 குறிகளுக்குள்தான் எழுதினார்கள். முகவரியில் மற்ற மொழி எழுத்துகளுக்கு இடம் கொடுக்கும் விதிகள் 2012இல் வந்தன. 2014இல் இருந்து ஜீமெயில் அப்படியான முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிடம் இருந்து பெறவும் தொடங்கியது. 'அட்' குறிக்கு வலப்பக்கம் எங்களுக்கு இன்னும் முந்தியே கிடைத்துவிட்டது: '.இலங்கை' என்று தமிழில் முடியும் இணைய முகவரி 2010இல் இருந்தே இருக்கு. அதாவது முழுக்கத் தமிழில் ஒரு மின்னஞ்சல் முகவரி கற்பனை இல்லை, செய்யலாம்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கு. 'அட்' குறிக்கு இடப்பக்கம் 64 பைட்டுக்குள் முடிய வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், உயிர்மெய் என்றால் மெய்க்கு ஒன்று, விசிறிக்கோ காலுக்கோ இன்னொன்று என்று இரண்டு குறி. 'யாழினி' என்று மூன்றெழுத்தில் எழுதினால் கணினிக்கு அது ஆறு குறி, 18 பைட். அப்படியும் 64க்குள் சும்மா அடங்கும். இடம் போதாமல் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் படிவம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் இரவு அம்மா சொன்னதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

அம்மா கொட்டாஞ்சேனை. அப்பா யாழ்ப்பாணம், வெள்ளவத்தைக்கு வந்து ஒட்டிக்கொண்டவர். எங்கள் வீட்டில் ஒரே மேசையில் 'எண்டு'வும் ஓடும் 'ன்னு'வும் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் 155 பஸ் எடுத்துப் பாட்டி வீட்டுக்குப் போனால் என் வாயும் தானாக மாறிவிடும். அம்மாவின் ஆட்கள் பரதர், கத்தோலிக்கர். தூத்துக்குடிக் கரையில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் வாங்கின சமூகம். அதனால் அவர்களுக்குப் போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்கள். அம்மா பிறந்த பெயர் பெர்னாண்டோ.

"முழுப் பேரையும் போடாத புள்ள. முன்னுக்கு நாலு எழுத்து மட்டும் போடு. பாக்கிறவங்க எந்தப் புள்ளன்னு யோசிக்கட்டும். என்னத்துக்கு மொதல் நாளே தெரியணும்?"

எனக்குக் கோபம் வந்தது. யுத்தம் முடிஞ்சு எத்தனை வருஷம், இன்னும் ஒளிக்கச் சொல்றீங்களா என்று கேட்டேன். அம்மா கோபப்படவில்லை. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே 2007ஐப் பற்றிச் சொன்னார்.

2007 ஜூன் 7 விடியற்காலையில் கொழும்பில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸ் எழுப்பி பஸ்களில் ஏற்றியது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, அதாவது என் அப்பாவின் பக்கமும் அம்மாவின் பக்கமும். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று பலர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். முரளியிடம் எழுத்து கேட்டு கிண்ணம் வைத்ததும் அதே வருஷம்தான். எனக்கு அப்போது நாலு வயது. பஸ்ஸில் அப்பாவை 'அப்பா' என்று சத்தமாகக் கூப்பிடக் கூடாது என்று சொல்லித்தந்தது மட்டும் நினைவிருக்கு.

அந்த நாட்களில் கொழும்பில் தமிழ் வீடுகள் இருக்கிற ஆட்களின் பெயர்களைப் பொலிஸில் பதிந்து வைத்திருக்க வேண்டும். வந்து போகிற சொந்தக்காரரின் பெயரையும் சேர்த்து. யார் தமிழர் என்று அறிய முகத்தைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்ப்பார்கள். பெர்னாண்டோ என்றால் சிங்களவரா தமிழரா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கொழும்பில் அதைவிடப் பத்திரமான பெயர் ஒரு தமிழருக்குக் கிடைக்காது. அம்மா 90களின் கடைசியில், அப்பாவைக் கல்யாணம் கட்டின பிறகு, அடையாள அட்டையில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு அப்பாவின் பெயரைப் போட்டவர்.

எனக்கு அது தெரியும். தெரிந்த விஷயத்தின் அர்த்தம் அன்று இரவு வரை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கு.

"ஏன் மாத்தினீங்க அம்மா?"

"கல்யாணம் கட்டினா மாத்துறதுதானே. அப்ப அதெல்லாம் யோசிக்கல்ல. பொறகு செக்பொயின்ட்டுல அட்டைய நீட்டுறப்ப யோசிச்சேன். தம்பி, அதான் ஒங்க மாமா, அதே வரிசையில எனக்கு முன்னுக்கு நிண்டு பெர்னாண்டோன்னு அட்டைய காட்டிட்டுப் போவாரு. நான் நிப்பேன்."

"திருப்பி மாத்தியிருக்கலாமே."

"மாத்தியிருக்கலாம். மாத்தல்ல." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "நான் பயத்துல சொல்றேன்னு நெனைக்காத. அந்தப் பேரோட நிண்டது நான்தானே. அதனாலதான் சொல்றேன். நீ யோசிச்சு எழுது."

ஒளிக்கச் சொன்னவர் ஒளிக்காமல் இருந்தவர். அதற்குப் பிறகு நாலு எழுத்தோடு நிறுத்துவது என்னால் முடியாத காரியமாக இருந்தது. அம்மா சொன்னதைக் கேட்காமல் விடவில்லை. அம்மா செய்ததைச் செய்தேன்.

நாலாம் நாள் எழுதினேன். என் பெயர் முழுசாக. ழவுக்கு 'ஆர்-எல்'. பரீட்சைச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருக்கு, நாளைக்கு வேலைக்குப் போகும்போது இரண்டு ஆளா என்று யாரும் கேட்கக் கூடாது. அப்பாவின் ஊர் வழக்கமும் அதுதான். பிறகு புள்ளி. புள்ளிக்குப் பிறகு இரண்டு எழுத்து: 'எஃப்', அதற்குப் பக்கத்தில் அப்பாவின் முதலெழுத்து. இரண்டு தனி எழுத்தை யாரும் குடும்பப் பெயர் என்று நினைக்க மாட்டார்கள், மச்சாளின் கவலைக்கும் அதில் பதில் இருந்தது. எல்லாம் சேர்த்து பத்து. தந்த இருபதில் பாதி.

அப்பா திரையைப் பார்த்தார். "இந்த எஃப் ஆர்?"

"அம்மா."

"அது உன்ர காகிதத்தில ஒண்டிலையும் இல்லையே." உண்மைதான். என் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் என்ற கோட்டில் அது இருக்கு, என் பெயரில் இல்லை. பதிவுப் பெயரின் ஒரு பகுதி இருக்க வேண்டும் என்றுதான் விதி, வேறு எழுத்து சேர்க்கக் கூடாது என்று இல்லை என்று வாசித்துக் காட்டினேன். அப்பா விதியைத் திரும்பவும் ஒருக்கால் தானே வாசித்தார். "சரி. அனுப்பு." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிக்குப் போன் எடுத்து "எஃப்பும் போட்டிருக்கா" என்று சொன்னது மட்டும் அறைக்குள் கேட்டது.

ஒரு கிழமையில் முதல் விருப்பமே கிடைத்தது. எஃப் யார் என்று பல்கலைக்கழகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கணினிக்கு அது இரண்டு எழுத்து. முதல் செமெஸ்டரில் குழு வேலை ஒன்றுக்கு என்னோடு சேர்ந்த ஒரு சிங்களப் பிள்ளை மட்டும், 'ஆர்' சத்தம் வருமா, 'எல்' சத்தம் வருமா என்று கேட்டான். இரண்டும் இல்லை, நாக்கை மடித்து மேலே தொடாமல் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கன்டீனில் வைத்து பத்துத் தடவை முயற்சி செய்தான். இப்போதும் ள என்றுதான் வருகிறது. பரவாயில்லை, எங்கள் தமிழ்ப் பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்கு அப்படித்தான். அவனுடைய பெயரில் நான் இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல் விட்டதை அவனும் எனக்குச் சொல்லித்தந்தான்.

இந்த வருஷம் போகிற தம்பி தங்கச்சிகளுக்குச் சில விஷயம். பரீட்சைச் சான்றிதழில், அடையாள அட்டையில் எந்த எழுத்து இருக்கோ அதையே பாவியுங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்தப் பாருங்கள், கடைசி வருஷத்தில் கஷ்டம். சொந்தப் பெயரை வெட்டாமல் எழுதுங்கள். செல்லப் பெயர், பிடிச்ச நடிகர், பிறந்த திகதி வேண்டாம், நாலாம் வருஷத்தில் வேலைக்கு எழுதும்போது அதே முகவரிதான் போகும். ஜீமெயிலின் சொந்த முகவரிகளில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், மற்ற இடங்களில் அப்படி இல்லை, அதனால் புள்ளி வைத்தால் எல்லா இடத்திலும் வைத்தே எழுதுங்கள். பெயர் வெளியே தெரிவது உங்களுக்குப் பயமாக இருந்தால் இலக்கத்தைப் போடுங்கள். அதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது. ஏன் பயம் என்று வீட்டில் ஒருக்கால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்றும் இருக்கு, கனபேருக்குத் தெரியாது. முகவரியில்தான் ஆங்கில எழுத்து மட்டும். முகவரிக்கு முன்னால் தெரிகிற காட்சிப் பெயரில் எந்த எழுத்தும் போடலாம். அதற்கான விதி 1990களிலேயே வந்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் அதைப் பூட்டி வைக்கவில்லை என்றால், அமைப்புகளுக்குள் போய் நீங்களே மாற்றலாம். நான் தமிழில் பெயரை எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். விரிவுரையாளருக்குப் போகிற ஒப்படைகள் எல்லாம் இப்போது ழவோடுதான் போகின்றன.